உலகம்மையின் திருத்தங்கள்

பிப்ரவரி 8, ஞாயிறு

உலகம்மையைத் தென்காசியில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு இன்று காலை கோயம்புத்தூர் வந்து சேர்ந்தேன். வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. முழங்கை வரைக்கும் வளையல். கையை அசைத்தாலே வீடு முழுக்கச் சத்தம். நேற்று பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் இருவர் மட்டும் நின்றோம். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. "ஃபிரிட்ஜ்ல இருக்கற மாவு புளிச்சிருக்கும். போனதும் கொட்டிர்றேன்" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

இந்த டைரி அவள் பையில் வைத்து அனுப்பியது. "வாயத் தொறந்துதான் பேச மாட்டீங்க. எழுதவாச்சும் செய்ங்க."

மாவைக் கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

எழுதச் சொன்னால் என்ன எழுதுவது? ஆபீஸ் பற்றி எழுதுகிறேன்.

ஆர்.எஸ். புரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. மொத்தமே ஏழு பேர். டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் செய்கிறோம். எந்த நோயாளி, எந்த நாள், எந்த மெஷினில் உட்கார வேண்டும் என்று ஒதுக்கிக் கொடுக்கிற வேலை. உலகுவும் நானும் அங்கேதான் சந்தித்தோம். சேர்ந்த முதல் வருடமே நிரல் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு விதித்தொகுப்பை அவள் எழுதி வைத்துவிட்டாள். பெயரைப் பார்த்தாலே பொருள் விளங்க வேண்டும். நிரலின் ஒரு துண்டு, அதாவது ஒரு ஃபங்ஷன், ஒரு வேலைதான் செய்ய வேண்டும். குறிப்பு எழுதினால் 'என்ன' என்று எழுதாதே, 'ஏன்' என்று எழுது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், 'நாளை இதைப் படிக்கப்போகிறவருக்கு உங்களைத் தெரியாது' என்று இருக்கும். ஆபீஸில் அதற்குப் பெயர் உலகம்மை சட்டம்.

யார் எழுதினாலும் அவள் படித்து ஒப்புதல் தந்த பிறகுதான் மென்பொருளில் சேர்க்கலாம். பிரசவம் வரைக்கும் ஊரிலிருந்து அந்த ஒரு வேலையை மட்டும் பார்க்கிறேன் என்று முதலாளி நந்தகோபால் சாரிடம் சொல்லியிருக்கிறாள்.

நேற்று சாயங்காலம் நான் அனுப்பியதற்கு இன்று காலை திருத்தம் வந்திருந்தது. நிரலில் ஒரு மதிப்புக்கு வெறும் 'டி' என்று பெயர் வைத்துவிட்டேன். பக்கத்தில் எழுதியிருந்தாள்: "டி என்றால் என்ன? தேதியா, டாக்டரா, டயாலிசிஸா? இல்லை, என்னைக் கூப்பிடுகிறீர்களா?"

ஆபீஸில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

ரசம் வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று மூன்று திருத்தங்கள். ஒரே ஃபங்ஷனில் நோயாளியைத் தேடி, மெஷினை ஒதுக்கி, குறுஞ்செய்தியும் அனுப்பியிருந்தேன். "இதற்கு 'எல்லா வேலையும் செய்' என்றே பெயர் வைத்திருக்கலாம். பாவம், நம் வீட்டில் என் நிலைமை மாதிரியே இருக்கிறது." அடுத்த வரியில், "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? வெறும் காப்பி என்று சொல்லக் கூடாது."

என் பக்கத்து மேஜை ஹசீனா. சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, நன்றாக எழுதுகிறவள். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்ணா, நீங்க இப்படி எழுத மாட்டீங்களே? உங்களோடதப் படிச்சுத்தான நானே கத்துக்கிட்டேன்."

"அவசரத்துல வந்துருச்சு."

"ஒரு வாரமா அவசரமுங்களா?"

கீபோர்டைத் துடைத்தேன்.

பிப்ரவரி 21, சனி

துணி துவைத்துக் காயப்போட்டேன். மொட்டை மாடியில் கீழ்வீட்டுக்காரர் வடகம் காயவைத்திருந்தார். என் லுங்கி சொட்டி அதில் ஒரு மூலை நனைந்தது. பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

உலகுவுக்கு போன் செய்தேன்.

"கால் வீக்கம் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"மாத்திரை?"

"போட்டேன்."

"சரி."

"ம்."

"அப்ப வெச்சர்றேன்."

போனில் எங்களுக்கு இவ்வளவுதான் வருகிறது. அவள் பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். என் பக்கத்தில் யாரும் இல்லை, இருந்தும் வருவதில்லை.

பிப்ரவரி 25, புதன்

ஆபீஸுக்கு முதலில் போய்ச் சேர்கிறவன் இப்போது நான்தான். கண்ணாடிக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே போய்விடுகிறேன். சாயங்காலம் அனுப்பினால் காலையில் திருத்தம் இருக்கும்.

இன்றைய திருத்தம்: "இந்த வரி திரைக்கு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. தென்காசி வரைக்கும் வந்துவிட்டது. மடக்குங்கள். இதைப் படிக்கும்போது வயிற்றில் ஓர் உதை. உள்ளே இருப்பவருக்கும் பிடிக்கவில்லை."

வரியை மடக்கினேன். அந்தத் திருத்தத்தை மட்டும் திரையில் மூடாமல் மத்தியானம் வரைக்கும் அப்படியே வைத்திருந்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

அத்தை போன் செய்தார்கள்.

"மாப்ள, சொல்லுதேன்னு வருத்தப்படாதீய. தல வலிக்கி, தல வலிக்கின்னு சொல்லிக்கிட்டே அந்தப் பொட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்துருக்கா. பிரஷர் கூடுதலா இருக்குன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். போனில் சொல்வதைவிட வேலையைக் குறைத்துக் கொடுப்பதே நல்லது என்று தோன்றியது. இன்று அனுப்பியதில் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். சட்டத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, பெயர், இடைவெளி, குறிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

மார்ச் 4, புதன்

"நன்று. ஒப்புதல்."

இரண்டே சொல். வேறொன்றும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். அவள் கண்ணுக்கும் ஓய்வு.

ஹசீனா கொடுத்த பிரியாணியை முழுக்கச் சாப்பிடவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். வெயில் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

இன்று அனுப்பியதில் 'டெம்ப் டூ' என்று ஒன்றையும் விளக்காத ஒரு பெயர் விழுந்துவிட்டது. பழக்கதோஷம்.

மார்ச் 9, திங்கள்

வரும் வியாழக்கிழமை மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிற டயாலிசிஸ் மையத்தில் சோதனை ஓட்டம். அதற்காக நோயாளிப் பதிவில் ஓர் அடையாளம் சேர்க்க வேண்டியிருந்தது. ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறவர்களுக்குத் தனி அறையில் தனி மெஷின். அவர்களை மற்றவர்களின் மெஷினில் ஏற்றக் கூடாது. ஆம் அல்லது இல்லை என்று ஓர் அடையாளம் வைத்தால் போதும்.

அதற்கு வெறும் 'ஃப்ளாக்', அதாவது கொடி, என்று பெயர் வைத்து அனுப்பினேன். உலகம்மை சட்டத்தில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தனிப் பத்தி உண்டு. எதன் கொடி, கட்சிக் கொடியா, கோயில் கொடியா, ஏறினால் நல்லதா இறங்கினால் நல்லதா என்று கிழித்து வைத்திருக்கிறாள். நாளைக் காலை என்னை வறுத்தெடுக்கப் போகிறாள்.

பூரிக்கு மாவு பிசைந்திருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் திருத்தம் எதுவும் இல்லை. பத்து மணி வரைக்கும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

அதன் பிறகு அத்தையின் போன். ரத்த அழுத்தம் ஏறிக் கண் மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னாளாம். விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். போன், கம்ப்யூட்டர் எதையும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"இன்னைக்கே கெளம்பி வர்றேன்."

"இப்ப வந்து என்ன செய்யப்போறீய? மருந்து ஏத்துதாவ, எறங்கிரும்னுதான் சொல்லுதாவ. வியாழக்கிழம வேலய முடிச்சுக்கிட்டு வாங்க. ஏதும்னா நானே கூப்புடுதேன்."

நந்தகோபால் சாரிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பதிவு வேலைய உலகம்மாவுக்காகக் காத்துட்டிருக்க வேண்டாம், சேத்துருங்க பூபதி. ஹசீனா அதுக்கு மேல எழுதோணும்" என்றார். சேர்த்துவிட்டேன்.

மெஷின் பழுதானால் யாரை எங்கே மாற்றுவது என்பது ஹசீனாவின் பகுதி. அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

மார்ச் 12, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மையத்தில் இருபக்கமும் மெஷின்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒருவர் சாய்ந்திருக்கிறார். கையிலிருந்து குழாய் வழியாக ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்ப வருகிறது. நாலாம் எண் மெஷினில் ஓர் அம்மா. நாற்பது வயதிருக்கும். மகளைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, பரீட்சைக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மகள் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் சாய்ந்தபடியே தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தார். கை குழாயோடு கட்டியிருந்ததால் முடியவில்லை. மகள் சிரித்தாள்.

தனி அறையில் மயில்சாமி என்கிற பெரியவர். கிருமி உள்ளவர். டீயைப் பற்றி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இப்போதைக்கு மையத்தில் காகிதத்தில் எழுதிய அட்டவணைப்படிதான் எல்லாம் நடக்கிறது. எங்கள் திரையை அதற்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பதுதான் சோதனை. காலை முழுக்க ஒத்துப்போனது. கடைசியாக, தனி அறை மெஷின் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். மயில்சாமி தனி அறையில் வேறு மெஷின் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும் என்று திரை சொல்ல வேண்டும்.

'மயில்சாமி, அடுத்த சுற்றில் மெஷின் எண் நாலு' என்று வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மெஷின் எண் நாலில் அந்த அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெறும் சோதனை. ஆனாலும் நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். ஹசீனா பின்னாலேயே வந்தாள். மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து அவள் எழுதியதைப் பார்த்தோம். 'ஃப்ளாக்' என்பது 'ஆம்' என்றிருந்தால், எந்த மெஷினுக்கும் மாற்றலாம் என்று எழுதியிருந்தாள்.

"அண்ணா, ஆம்னா ரத்தப் பரிசோதன சரியா இருக்குன்னு நெனச்சுட்டேன். கொடி காட்டுனா போலாம்னுதானே அர்த்தம்?"

"நான் ஆம்னா கிருமி இருக்குன்னு வெச்சேன்."

"நான் கேட்டிருக்கோணும். நீங்க ஜன்னல்கிட்ட நின்னுட்டு இருந்தீங்க, அக்காவுக்கு வேற அப்படி. எப்படிக் கேக்கறதுன்னு..."

அவள் கண் கலங்கிவிட்டது. தப்பு அவளுடையது என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் நந்தகோபால் சார் அறையில் ஹசீனாவையும் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"சார், அந்தப் பேரு நான் தெரிஞ்சே வெச்சது."

"தெரிஞ்சேன்னா?"

"உலகு பாத்துட்டுத் திருத்துவான்னு வெச்சேன். அவ திருத்தம் எழுதுனா..." மேஜையைப் பார்த்துக்கொண்டு முடித்தேன். "அவ எழுதறதப் படிக்கறதுக்காக."

சார் நாற்காலியில் சாய்ந்தார்.

"திங்கக்கெழம ஓட்டறதா இருந்தத வெள்ளிக்கெழமைக்குத் தள்ளிடறேன். மையத்துக்கு நான் பேசிக்கறேன். நீங்க தென்காசிக்குக் கெளம்புங்க. அங்க உக்காந்து அந்தப் பகுதி மொத்தத்தையும் மறுபடி எழுதுங்க." கதவு வரைக்கும் போனதும் கூப்பிட்டார். "பூபதி, பொண்டாட்டிகிட்டப் பேசறதுக்குப் போன்னு ஒண்ணு இருக்குதுங்க."

ஹசீனா என்னைத் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள். கீழே வந்த பிறகு, "நல்ல வேள சோதனையில தெரிஞ்சுது. இல்லாட்டி உங்கள மன்னிச்சிருக்க மாட்டேன்" என்றாள். நியாயம்.

மார்ச் 14, சனி

தென்காசி ஆஸ்பத்திரி. உலகுவுக்கு முகம் வீங்கியிருக்கிறது. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் உலகு கேட்ட முதல் கேள்வி, "ட்ரையல் எப்படிப் போச்சு?"

"நெசமா ஓட்டறத வெள்ளிக்கெழமைக்குத் தள்ளி வெச்சிருக்கு."

"ஏன்?"

"கொஞ்சம் மாத்தி எழுதோணும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பதற்றம் கூடாது என்று சொல்லியிருப்பதால் நான் பழக்கூடையைப் பிரித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

வார்டுக்கு வெளியே நீள பெஞ்ச். அங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை யோசித்து வைக்கிறேன். 'ஃப்ளாக்' போய்விட்டது. 'தனி மெஷின் கட்டாயம்' என்று ஆங்கிலத்தில் முழுசாக வைத்துவிட்டேன். நீளம்தான், ஆனால் யாரும் வேறு மாதிரி படிக்க முடியாது. கட்டாயம் ஏன் என்று மேலே குறிப்பும் எழுதினேன். எழுதும்போது மயில்சாமியையும் அந்த மகளையும்தான் நினைத்துக்கொண்டேன். இத்தனை நாள் இந்த விதிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்களும் அவள மாதிரியேதான் இருக்கீய" என்று போனார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

திருத்த உலகு இல்லை. ஹசீனாவிடம் கேட்டேன். "நான் ஒண்ணும் வெளக்க மாட்டேன். நீ படிச்சு, ஒவ்வொண்ணும் என்ன செய்யுதுன்னு எனக்குச் சொல்லு."

போனில் படித்தாள். "இது நோயாளிக்குத் தனி மெஷின் கட்டாயமான்னு பாக்குது. கட்டாயம்னா, தனி அறையில காலி இருக்கான்னு பாக்குது. இல்லேன்னா காத்திருக்கச் சொல்லுது, சிஸ்டருக்குத் தகவல் போகுது. பொது மெஷினுக்கு எப்பவும் போகாது. ஏன்னு மேலயே போட்டிருக்கீங்க." எங்கேயும் தயங்கவில்லை. முடிந்ததும், "சரிங்ணா, இப்பத்தான் உங்களோடது மாதிரி இருக்குது" என்றாள். குரலில் கோபம் இறங்கியிருந்தது.

மாலையில் சேர்த்தோம்.

மார்ச் 19, வியாழன்

இதற்கு மேல் காத்திருப்பது நல்லதல்ல என்று ஆபரேஷன் செய்தார்கள். பெண். இரண்டு கிலோ நானூறு. உலகு கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

மையத்தில் இன்று முதல் எங்கள் திரைப்படியே எல்லோரையும் உட்காரவைத்தார்களாம். எல்லாம் சரியாக இருந்ததாக ஹசீனா சொன்னாள். நான் பாதிதான் கேட்டேன். மடியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துவிட்டது.

மார்ச் 28, சனி

வீட்டுக்கு வந்து நான்கு நாள். அழுத்தம் இறங்கிவிட்டது. பாப்பா தூங்கும் நேரத்தில் உலகு கம்ப்யூட்டரைக் கேட்டாள். அத்தை முறைத்தார்கள். "அஞ்சு நிமிசம்மா" என்று வாங்கிக்கொண்டாள்.

நான் எழுதியதை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். நான் தலையணை உறை மாற்றுகிற மாதிரி பக்கத்திலேயே நின்றேன்.

"இதுல சொல்லுததுக்கு ஒண்ணுமே இல்லியே" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். ஃப்ளாக், மயில்சாமி, நாலாம் எண் மெஷின், அந்த அம்மாவின் மகள், எல்லாவற்றையும். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது."

"மத்ததெல்லாம் வேணும்னுதான் செய்தீங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது நாளே தெரியும். எட்டு வருசம் வேல பாத்தவரு 'டி'ன்னு பேரு வைப்பாராக்கும்?"

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

கம்ப்யூட்டரை மூடி மடியிலிருந்து தள்ளி வைத்தாள்.

"அம்மா ஏசுதாளேன்னு அந்தப் பொட்டிய மூடிருவேன். அப்புறம் நீங்க என்ன எழுதியிருப்பீங்கன்னு தூக்கமே வராது. காலைல அதத் தொறந்து பாத்தாத்தான் எனக்குப் பல்லு வெளக்கவே ஓடும். என்னத்தச் சொல்ல?" என் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். "நான் நிறுத்தச் சொல்லியிருக்கணும். ரெண்டு பேரும் சேந்து பண்ண தப்பு இது. இனி வேலைல வேண்டாம், என்ன?"

"வேண்டாம்."

அதற்குள் பாப்பா அழ ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று கோயம்புத்தூர் திரும்பினேன். அவர்கள் இரண்டு பேரும் வர இன்னும் மூன்று மாதம் ஆகும்.

உலகு விடுப்பில் இருக்கிறாள். இப்போது திருத்துவது ஹசீனா. சட்டம் அவள் கையில் இன்னும் கடுமை. இன்று நான் எழுதியதில் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் வைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உலகுவைக் கூப்பிட்டேன். கேட்க ஒன்றும் இல்லை. மருந்து, வீக்கம் எல்லாம் மத்தியானமே அத்தையிடம் கேட்டாகிவிட்டது.

"என்ன?" என்றாள்.

அவர்கள் ஊர்ப்பக்கம் ஒருவரைப் பார்க்காமல் மனசு ஏங்கினால் 'தேடுது' என்பார்கள். எங்கள் பக்கம் அப்படிச் சொல்வதில்லை. என் வாயில் அது சரியாக வருமா என்றும் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல. தேடுது."

"பாப்பாவையா?"

"பாப்பாவையுந்தான். உன்னத்தான் ரொம்பத் தேடுது."

போனைக் கை மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு, "இங்க சிக்னல் சரியில்ல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

அவளுக்கு நன்றாகத்தான் கேட்டிருக்கும். ஆனாலும் இன்னொரு தடவை சொன்னேன்.